சங்கிலியின் கடைசிக் கண்ணி

பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் சபையில் ஆளில்லை. பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவளுக்கு வேறு என்ன வரும்? கிறிஸ்மஸ் பாடல் குழு எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு யார் பலகாரம் கொண்டு வரவேண்டும், எல்லாம் என் கையெழுத்தில்தான் சுவரில் ஒட்டப்படும். யாராவது மறந்துவிட்டால் நான் மறக்கமாட்டேன். முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன்.

சங்கிலி ஜெபமும் என் பொறுப்பில் இருந்தது. சபையில் யாருக்காவது விபத்து, பெரிய நோய், அறுவை சிகிச்சை என்றால், அந்த நேரத்தை அரைமணி அரைமணியாகக் கூறு போட்டு ஆளுக்கொன்று கொடுப்போம். அவரவர் இருக்கிற இடத்தில் முழங்கால் போட்டு ஜெபிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் அடுத்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "பிடிங்க" என்று சொல்ல வேண்டும். அவர் "பிடிச்சுட்டேன்" என்று சொன்ன பிறகுதான் முன்னவர் எழுந்திருக்கலாம். கடைசி ஆள், யாருக்காக ஜெபிக்கிறோமோ அந்தக் குடும்பத்தையே கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். எல்லாரும் எஸ்டேட்டில் ஒரே வரிசை வீடுகளில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார்களாம். இப்போது சுங்கைப் பட்டாணி, கரங்கான், பாலிங் என்று ஊர் ஊராகச் சிதறிவிட்டதால் தொலைபேசி.

இந்தச் சங்கிலி ஒரே ஒரு முறை அறுந்தது. அறுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், தனிக்கட்டை. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பிரசங்கம் தொடங்கினால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார். அன்று அவருக்கு அடுத்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆலையில் வரிசை நகர்கிறதே என்று லாரியைக் கிளப்பிவிட்டார். இருபது நிமிடம் சங்கிலி யார் கையிலும் இல்லை. மறு ஞாயிறு தேநீர் மேசைக்குப் பக்கத்தில் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணே, ஆஸ்பத்திரியில ஒருத்தர் உயிருக்குப் போராடறாரு, நீங்க பாட்டுக்கு விட்டுட்டுப் போயிட்டீங்க? இது என்ன விளையாட்டா?"

அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "தப்புதான் தங்கச்சி. இனிமே விடமாட்டேன்" என்றார். எனக்கு அது போதவில்லை. இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அடுத்த வருடம் என் மகளுக்கே சங்கிலி தேவைப்பட்டது.

அவளுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி வயிற்றுவலி என்பாள். பூச்சி மருந்து கொடுத்தோம், வெளிச் சாப்பாட்டை நிறுத்தினோம். ஒரு நாள் காலையில் தலைவாரும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அன்று தொடங்கிய அலைச்சல், ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் போய் நின்றது. இருட்டறையில் அவள் வயிற்றில் களிம்பைத் தடவி, கருவியை வைத்துத் தேய்த்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தன. கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் ஓர் இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு உப்பியிருந்தது. பெற்றவள் நான். தலையில் எத்தனை சுழி, எந்தப் பல் ஆடுகிறது என்பது வரை எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குள் இப்படி ஓர் உலகம் எனக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பயத்தைவிட முதலில் வந்தது அந்த வியப்புதான். பயம் காரில் ஏறிய பிறகு வந்தது.

அறுவை செய்யப்போகிறவர் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர். என்னைவிட இளையவர். உப்பியதை வெட்டி எடுத்துவிட்டு, குடலை மேலே கொண்டுவந்து இணைக்க வேண்டும், நான்கு மணி நேரமாவது ஆகும் என்றார். பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய் போகிறது, அதோடு ஒட்டியிருந்தால் சிரமம் என்றும் சொன்னார். உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "எங்களால் முடிந்ததைச் செய்வோம். மற்றது இறைவன் கையில்" என்று மலாயில் சொல்லி என் முழங்கையைத் தொட்டார்.

அன்று மாலையே பட்டியல் போட உட்கார்ந்தேன். என் மகளுக்கான பட்டியலை நானே போடுவதா என்று என் கணவர் கேட்டார். அவர் கத்தோலிக்கர், அதிகம் பேசாதவர். வேறு யாருக்கு ஒழுங்காகப் போடத் தெரியும் என்றேன். காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக மகளை உள்ளே எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டரை வரை ஒன்பது பேர். நல்ல ஜெபவீரர்களை மயக்க மருந்து கொடுக்கும் நேரத்துக்கும் வெட்டும் நேரத்துக்கும் போட்டேன். லாரிக்காரரை விட்டுவிடத்தான் நினைத்தேன், ஆள் போதவில்லை. பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை அவர் பெயரை எழுதினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், தையல் போட்டுக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் அவர் தூங்கினாலும் பாதகமில்லை. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

அறுவைக்கு முதல் நாள் மாலை வார்டுக்கு பாலிங்கிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். மாதா உருவத்தில் செய்த போத்தல், நீலக் கிரீடம்தான் மூடி. உள்ளே கோயில் தீர்த்தம்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் குடுமா. ஒண்ணும் செய்யாது, நல்லதுதான்."

"வைங்க அண்ணி" என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். எங்கள் சபையில் தீர்த்தம் கிடையாது. அண்ணி போன பிறகு கணவரிடம், "தண்ணியில என்னங்க இருக்கு? எல்லாம் பைப்புத் தண்ணிதானே" என்று சிரித்தேன்.

மறுநாள் காலை ஏழரை. இரவு சாப்பிட்டதோடு சரி, அதன் பிறகு மகளுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டையே மாட்டியிருந்தார்கள். கணவர் முகம் கழுவப் போயிருந்தார். பச்சை அங்கியில் மகள் இன்னும் சின்னதாகத் தெரிந்தாள். தள்ளுகட்டில் வரும் சத்தம் நடையில் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு என்ன ஆனதென்று இன்றுவரை தெரியவில்லை. அலமாரியைத் திறந்தேன், கிரீடத்தைத் திருகினேன், "ஒரு சொட்டு மட்டும்" என்று அவள் வாயில் வைத்தேன். தாகத்தில் இருந்த பிள்ளை. இரண்டு கையாலும் மாதாவைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டாள். பிடுங்கி மூடி மறைத்துவிட்டு நிமிர்ந்தால் தாதி வந்து நிற்கிறார்.

அறுவை அரங்கின் வாசலுக்குப் போகும் வழியிலேயே வாட்சாப் குழுவில், "உள்ளே எடுத்துவிட்டார்கள். சங்கிலியைத் தொடங்குங்கள்" என்று போட்டுவிட்டேன். வாசலுக்கு உட்புறம் மயக்க மருந்து மருத்துவர், ஒரு சீனப் பெண்மணி, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார். நேற்றிரவு பத்து மணிக்கு என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. மருத்துவரிடம் திரும்பி, இப்போதுதான் தண்ணீர் குடித்தேன் என்று அழகான மலாயில் சொன்னாள். எவ்வளவு என்றதற்குக் கையை விரித்து ஒரு போத்தல் அளவு காட்டினாள்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வயிற்றில் தண்ணீரோடு மயக்கம் கொடுத்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம், மூச்சே நின்றுவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். அடுத்து இருந்த குழந்தையை முன்னால் எடுத்தார்கள். எங்களை வெளியே அனுப்பினார்கள். எங்கள் முறை இனி மதியம்தான்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபோது எட்டு மணி ஆகியிருந்தது. குழுவில் முதல் ஆள் "பிடிச்சுட்டேன்" என்று போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாக ஆமென்.

"நேரம் மாறிடுச்சுன்னு சொல்லிடு" என்றார் கணவர்.

"என்னன்னு சொல்றது? எதனாலன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லு."

என்னால் முடியவில்லை. தீர்த்தத்தைக் கேலி செய்தவள் தீர்த்தம் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று எழுதவா? ஊரையே ஒழுங்கு கேட்டவள், அட்டையில் இருந்த ஒரு வரியைக் கடைப்பிடிக்கவில்லை என்று எழுதவா? மகளின் உயிரைவிட என் மானம் பெரிதாகப் போன நேரம் அது. தொலைபேசியின் சத்தத்தை அடக்கி, பையின் அடியில் தள்ளினேன்.

இப்படியாக ஒன்பது பேர், தங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் முழங்கால் போட்டு, அறுவை மேசையில் இல்லாத ஒரு குழந்தைக்காக ஜெபித்தார்கள். மேசையில் இருந்தது வேறொரு குழந்தை. அதன் அம்மா எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். யான் என்ற ஊர்ப் பக்கத்து நெல்வயல் கிராமத்து மலாய்ப் பெண். பிறந்து மூன்று மாதமே ஆன பிள்ளை, குடலில் அடைப்பு. இருந்த வாக்கில் விரலில் ஜெப மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் ஜெபம் முகவரி தவறிப்போய் இந்தப் பெண்ணின் பிள்ளையிடம் சேர்ந்திருக்குமோ என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு கணம் எரிச்சல் வந்தது. பிறகு அந்த எரிச்சலைப் பார்த்து நானே பயந்தேன். மூன்று மாதப் பிள்ளைக்குப் போகிற ஜெபத்தையும் கணக்குப் பார்க்கிற மனம் எனக்கு எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டு மணிக்குப் பிறகு கதவு திறந்தது. நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாத பெண், என் முறையை எடுத்துக்கொண்ட குழந்தையின் தாய். நானும் அழுதேன். அவருக்காக அழுதேன் என்று சொல்ல ஆசை, ஆனால் பாதி எனக்காகத்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு என் மகளை உள்ளே எடுத்தார்கள். முகமூடி வைக்கும்வரை நான் பக்கத்தில் நிற்கலாம் என்றார்கள். "அம்மா, இயேசப்பா உள்ள வருவாரா?" என்று கேட்டாள். வருவார் என்றேன். "அவருக்கும் தொப்பி குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தூங்கிப்போனாள். இவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனித உயிர் கண்ணை மூடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் தொப்பியையும் அங்கியையும் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது. சங்கிலி பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. ஒன்பது பேரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். உண்மையில் கத்தி படுகிற நேரத்தில் என் மகளுக்காக முழங்காலில் நிற்க ஒருவரும் இல்லை. இருக்கிறவள் நான் ஒருத்தி. சரி, நானே பிடிக்கிறேன் என்று கண்ணை மூடினேன்.

ஒன்றும் வரவில்லை. சபையில் எழுந்து ஜெபித்தால் கால்மணி நேரம் தடையில்லாமல் போகும் எனக்கு. என்ன அழகாக ஜெபிக்கிறீங்க என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியங்களெல்லாம் எங்கே போயின? "ஆண்டவரே" என்று தொடங்குவேன், அடுத்த சொல் வராது. பொய் சொன்ன வாய், நான் கூப்பிட்டால் அவர் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுதான் ஓடியது. கணவர் பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் தெரியாது. இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். மலாய்ப் பெண் தன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும்போது எனக்கு ஒரு ரொட்டி வாங்கி வந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். நான்கு மணி நேரம் என்றார்களே என்று கதவையே பார்த்தேன். ஐந்து மணியும் ஆனது.

ஐந்தரைக்கு அறுவை மருத்துவர் வந்தார். தொப்பியின் இறுக்கம் நெற்றியில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. முகத்தைப் பார்த்து ஒன்றும் ஊகிக்க முடியவில்லை. அவர் நாற்காலியை இழுத்து எங்கள் எதிரே உட்கார்ந்தார். பிழைத்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று முதலில் அதைத்தான் சொன்னார். அவர் முன்பே பயந்ததுபோல அந்த உப்பல் இரத்தக் குழாயோடு ஒட்டித்தான் இருந்தது என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நூல் நூலாகப் பிரித்தாராம். ஒரு கட்டத்தில் இதற்குமேல் தொடவேண்டாம், மூடிவிடலாம் என்றுகூட நினைத்தாராம். "பிறகு வழி கிடைத்தது" என்று மலாயில் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். நானும் அந்தக் கைகளைப் பார்த்தேன். சின்னக் கைகள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. என் பிள்ளைக்குள் போய்த் திரும்பி வந்த கைகள். எழுந்து அவற்றைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

ஒரு மணி நேரத்தில் மகளைப் பார்க்கலாம் என்றார்கள். அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லக் கணவர் படிக்கட்டுப் பக்கம் போனார். குழுவுக்குச் சொல்ல வேண்டும், உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பையின் அடியிலிருந்து தொலைபேசியை எடுத்தேன். குழுவில் பகல் முழுவதும் விசாரிப்புகள். அவற்றுக்கு மேலே, தவறிய அழைப்புகள் பதினொன்று.

எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. பன்னிரண்டரைக்கு ஒன்று. ஒரு மணிக்கு ஒன்று. ஒன்றரைக்கு, இரண்டுக்கு. அரைமணிக்கு ஒன்றாக, ஒன்றுகூடத் தவறாமல், கடைசி அழைப்பு ஐந்தரைக்கு. லாரிக்காரர்.

அவரிடம் இருப்பது பழைய பட்டன் தொலைபேசி, வாட்சாப் கிடையாது. என் எண்ணைத் தவிர வேறு எண்ணும் அவருக்குத் தெரிந்திருக்காது. அவர்தான் கடைசிக் கண்ணி. அவர் சங்கிலியைக் கொடுக்க வேண்டியது என்னிடம். நான் எடுக்கவில்லை. அப்படியானால் சங்கிலி? நான் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேனே அந்த நேரம், இரத்தக் குழாயிலிருந்து அதை நூல் நூலாகப் பிரித்தார்களே அந்த நேரம், அது யார் கையில் இருந்தது?

அவர் ஜெபத்தால்தான் வழி கிடைத்தது என்று நான் எழுதமாட்டேன். எழுத எனக்குப் பயம். இல்லை என்று எழுத அதைவிடப் பயம். நான் செய்த ஒவ்வொரு கோணலையும், தீர்த்தம், பொய், ரோஷம், போன வருடத்து ஏச்சு, கடைசி அரைமணிக்கு அவரைத் தள்ளிய அலட்சியம், எதையும் வீணாக்காமல் யாரோ கோத்து வைத்திருந்தார்கள் என்று அந்த நாற்காலியில் எனக்குத் தோன்றியது. மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான்.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தங்கச்சி? பிடிக்கிறீங்களா?"

"பாப்பா நல்லாயிருக்கா அண்ணே. இப்பதான் முடிஞ்சுச்சு. பன்னெண்டே முக்காலுக்குத்தான் உள்ள எடுத்தாங்க, நான் சொல்லல, என் தப்பு" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்" என்றார்.

"எங்க இருக்கீங்க அண்ணே?"

"ஆலைக்குப் போற ரோட்லதான். லாரிய ஓரங்கட்டிட்டு கீழ சாக்கு போட்டு உக்காந்... முழங்கால் போட்டிருக்கேன். ஆலை கேட்டு சாத்திருப்பான். பரவால்லலா, நாளைக்கு இறக்கிக்கலாம்."

"அஞ்சு மணி நேரமாவா? ஏண்ணே எந்திரிச்சுப் போகல? தூக்கம்கூட வரலையா?"

"வந்துச்சு. அதான் முகத்துல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். நீங்கதான் போன எடுக்கலையே. எப்படி விடறது? அன்னிக்கு ஏசுனீங்கள்ல."

அதில் கோபமோ குத்தலோ துளியும் இல்லை. வழி சொல்லிக்கொடுத்த ஆளிடம் அதன்படியே வந்துவிட்டேன் என்று சொல்வதுபோல் சொன்னார். என்ன ஜெபித்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு என்னாமா தெரியும்? உங்கள மாதிரி வராது. 'ஆண்டவரே, பாப்பா. ஆண்டவரே, பாப்பா.' அவ்வளவுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"அதெல்லாம் ஞாயித்துக்கெழம பேசிக்கலாம் தங்கச்சி. மொதல்ல பிடிங்க. கால் மரத்துப் போச்சு."

அறுவை அரங்கின் கதவுக்கு நேரே, அந்தச் சிமெண்டுத் தரையில், போகிறவர் வருகிறவர் பார்க்க முழங்கால் போட்டேன்.

"பிடிச்சுட்டேன் அண்ணே."

"சரி. அப்ப நான் எந்திரிக்கிறேன்" என்றார்.